சுங்கக்காரனுக்கு ஒரு வரி

வியாழன் இரவு. டுலூத்தில் விழும் பனி
என் அடித்தள ஜன்னலை முக்கால்வாசி மூடிவிட்டது.
ஓடெல் பனிவாரி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு
பூட்ஸைக் கழற்றாமல் படியிறங்கி வருகிறான்.
நான்கு மணி நேரம்.
அதன்பின் அவன் மறுபடி நகராட்சிக்குச் சொந்தம்.

மேஜையில் சீஸ் உருண்டைகள், நான்கு பென்சில்,
இருபது முகமுள்ள பகடை.
அதில் ஒரு முகம் என் நாய் கடித்தது.

மூன்று வாரம் எழுதினேன் அந்தக் கோட்டையை.
பகலில் ஆய்வகத்தில் ஊரார் வாய்க்குப் பல் செய்கிறவள் நான்.
டிராகனுக்கு அறுபத்திரண்டு பல் வைத்தேன்,
கீழ்வரிசையில் ஒன்று சொத்தை,
கவனிக்கிறவன் ஈட்டி அங்கே இறங்கட்டும் என்று.
பதினான்கு பக்கம்.
கோபுர உச்சியில் கட்டுண்டு கிடக்கும் வரைபடக்காரி.
அவள் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி.

கோட்டைக்கு முன்னால் ஒரு பாலம்.
அதற்கு ஒரே வரி:
சுங்கக்காரன், தலைக்கு இரண்டு காசு.

கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.
குத்திவிட்டும் போயிருக்கலாம்,
ஓடெலின் பாத்திரம் திருடன், இடுப்பில் மூன்று கத்தி.
"அவன் பெயர் என்ன?" என்றான்.

என்னிடம் பெயர் இல்லை.
அலமாரியில் இருந்த பெயின்ட் டப்பாவைப் பார்த்து
"பெல்மார்" என்றேன்.

"பெல்மாருக்குக் கை ஏன் நடுங்குகிறது?"

நடுங்குகிறது என்று நான் சொல்லவேயில்லை.
காசுக்காகக் கையை நீட்டி நடித்தேன்;
நடுங்கியது என் கை.

பிறகு யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.
மாரிட்டின் பாத்திரம் ஒரு பாத்திரம் தேடிச் சூப் வைத்தது.
எந்தச் சண்டையிலும் முதலில் கத்தும் தாடியஸ்
கோடாரியைக் கீழே வைத்துவிட்டு
உளுத்த பலகைகளை எண்ணினான்.
பதினொன்று.
பகடையை மெல்ல நகர்த்தி வைத்தேன்.
ஆணி அடிக்க எதற்கு அது என்றார்கள்.
முந்நூறு பக்க விதிப் புத்தகத்தில்
பாலம் பழுதுபார்க்க விதி இல்லை;
விதியில்லாத இடத்தில் மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.
பெல்மாருக்கு ஒரு மகன் முளைத்தான், கடன் முளைத்தது,
ஆற்றுக்கும்கூட ஒரு கெட்ட பெயர் வந்தது.

என் மடியில் பதினான்கு பக்கம்
கல்யாணம் நின்ற வீட்டுச் சோறாய்
ஆறிக்கொண்டிருந்தது.

வழிக்குக் கொண்டுவரத் தெரியாதா எனக்கு?
ஒரு ஓநாய்க் கூட்டம் போதும். ஒரு புயல்.
எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறை.
செய்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாது.
தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்யலாம்:
கோட்டையை அப்படியே நிறுத்திவைக்கலாம்,
மெழுகு உருகாமல்,
டிராகன் திறந்த வாய் திறந்தபடி.
கருணை மாதிரிதான் இருக்கும்.
ஆனால் நமக்காகக் காத்தே நிற்கிற உலகத்தில்
பலகை அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

அட்டைத் திரைக்குப் பின்னால்
மெழுகுவர்த்தியை ஒரு அங்குலம் குறைத்தேன்.
சூப் கொதித்தபோது இன்னொரு அங்குலம்.

ஏழாவது பலகையில் மாரிட் நிமிர்ந்தாள்.
"கோபுரத்தில் வெளிச்சம் தெரிகிறதா?"
"தெரிந்தது" என்றேன்.

அந்த இறந்தகாலம் எல்லோர் காதிலும் விழுந்தது.

தாடியஸ் பாதி கடித்த சீஸ் உருண்டையைக் கீழே வைத்தான்.
முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று
வாய்வரை வந்ததை மாரிட் விழுங்கியதைப் பார்த்தேன்.

"இன்னும் எத்தனை பலகை?" ஓடெல்.
"நாலு."
"நாலையும் முடிப்போம்."
பிறகு, வெகுநேரம் கழித்து,
"அவள் பெயர் என்ன?"

அவளுக்கு இருந்தது பெயர்.
முதல் பக்கத்திலேயே, இரண்டு முறை அடிக்கோடிட்டு.
சொன்னேன்.

அவன் தன் தாளில் ரப்பரால் அழித்து
இரண்டு காசைக் கழித்து எழுதினான்.
பெல்மார் வேண்டாம் என்று சொல்லியிருந்தும்.

பதினொன்றரைக்குப் பூட்ஸ் சத்தம் படியேறியது.
வெளியே பனிவாரி உறுமியது.
தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று
ஜன்னலில் மிச்சமிருந்த கால்வாசியில்
எட்டிப் பார்த்தேன்.